710 சிசி வரை போகலாம், ஆனால் போகத்தான் வேண்டுமா?

போன மாதம் எங்கள் பழைய கல்லூரியின் ஃபார்முலா ஸ்டூடன்ட் ரேஸ் கார் அணியின் ஜூனியர் ஒருவன் போனில் கூப்பிட்டான். “ஏனுங்கண்ணா, ரூல்புக்குல 710 சிசி வரைக்கும் போலாம்னு போட்டிருக்கு. நாம எதுக்கு 373லயே நிக்கோணும்?” 373 என்பது அணியின் காரில் இருக்கும் கேடிஎம் 390 பைக் இன்ஜினின் கொள்ளளவு. நியாயமான கேள்விதான். மூன்று வருடம் அந்த அணியில் இன்ஜின் பக்கமே கிடந்தவன் என்பதால் அப்போதே ஒரு பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு, பாதிதான் சொன்னோம் என்று உறுத்தியது. புதிய இன்ஜின் வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அணிகள் இன்னும் இருக்கும். மீதியை அவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஃபார்முலா ஸ்டூடன்ட் என்பது மாணவர்களே ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்து, கட்டி, ஓட்டும் போட்டி. 1981-ல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்ஏஇ என்று தொடங்கி, 1998-ல் இங்கிலாந்துக்கு வந்தது. நம் பக்கம் ஃபார்முலா பாரத், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது.

இன்ஜின் விஷயத்தில் விதி சொல்வது இரண்டு. ஒன்று, நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினாக இருக்க வேண்டும், கொள்ளளவு 710 சிசியைத் தாண்டக் கூடாது. பல வருடங்கள் இந்த எல்லை 610 ஆக இருந்தது. 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் இன்ஜின் வசதியாக உள்ளே வரும் அளவு அது. அதனால்தான் அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சிலிண்டர் சத்தமே அதிகம் கேட்டது. இரண்டாவது, இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். அதுதான் ரெஸ்ட்ரிக்டர். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஓட்டை. எல்லாரும் முதல் விதியைப் பற்றிப் பேசுகிறார்கள். இன்ஜினை உண்மையில் அடக்கி வைத்திருப்பது இரண்டாவது விதி.

கணக்கு எளிது, ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு ஓட்டையின் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு இன்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு கிராம் காற்றும் வராது. 20 மி.மீ. ஓட்டைக்கு, சாதாரண வெப்பநிலையில், அந்த உச்சம் நொடிக்கு ஏறக்குறைய 74 கிராம். இதற்கேற்ற பெட்ரோலை எரித்தால், காகிதத்தில் 100 குதிரைத்திறன் அளவுக்கு வரும். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

இப்போது ஒவ்வொரு இன்ஜினும் எவ்வளவு காற்று கேட்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 373 சிசி, 9,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) நொடிக்குச் சுமார் 33 கிராம். 649 சிசி இரட்டை சிலிண்டர், 8,000-ல் சுமார் 51 கிராம். 689 சிசி, 9,000-ல் சுமார் 61. 599 சிசி நான்கு சிலிண்டர், தன் இயல்பான உச்சமான 13,500-ல் சுமார் 79. கடைசி இன்ஜின் மட்டும்தான் 74-ஐத் தாண்டுகிறது. அதாவது அந்த இன்ஜினை எந்த இடத்துக்காகச் செதுக்கினார்களோ, அந்த இடத்திலேயே ஓட்டை அதன் கழுத்தைப் பிடிக்கிறது. சிசி கூடக்கூட இன்னும் கீழான ஆர்பிஎம்மிலேயே அந்தச் சுவரில் போய் முட்டுகிறோம். சுவரைத் தொட்ட பிறகு கூடுதல் சிசி நமக்குத் தருவது உச்ச சக்தி அல்ல, கீழிருந்தே கிடைக்கும் டார்க், அதாவது முறுக்கு விசை. இது பிடிபட்டால் மற்றது எல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் 373 சிசி ஒற்றை சிலிண்டர், கேடிஎம் 390-ன் இன்ஜின். இந்திய அணிகள் பலவற்றின் கை தன்னால் போகும் இடம். எடை சுமார் 36 கிலோ. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 44 குதிரைத்திறன், 37 நியூட்டன் மீட்டர் டார்க். விபத்தில் சிக்கிய பைக்கிலிருந்து கிடைக்கும், உதிரி பாகம் எந்த ஊரிலும் வரவழைக்கலாம், பிரித்துக் கோர்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். இந்தக் கடைசி வசதியின் மதிப்பு, போட்டிக்கு நான்கு நாள் முன்பு இரவு பதினொரு மணிக்கு ஹெட் கேஸ்கெட் போனால்தான் தெரியும்.

ஆனால் 33 கிராம்தான் கேட்கிறது, ரெஸ்ட்ரிக்டர் இதை ஒன்றும் செய்யாது என்று நினைத்தால் அங்கேதான் கோட்டை விடுவோம். நாங்களும் விட்டோம். 33 என்பது சராசரி. ஒற்றை சிலிண்டர் நான்கில் ஒரு ஸ்ட்ரோக்கில்தான் மூச்சு இழுக்கிறது, மற்ற மூன்றிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இழுக்கும் அந்தக் கணத்தில் அது கேட்பது சராசரியைப் போல நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 130 கிராம். ஓட்டை 74-க்கு மேல் தராது. ஆக, ஓட்டைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு காற்றுப் பெட்டி வேண்டும். இன்ஜின் சும்மா இருக்கும் மூன்று ஸ்ட்ரோக்கிலும் அது நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பிளீனம். சிறிதாக வைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். பெரிதாக வைத்தால் ஓட்டுநர் பெடலை மிதித்து, பெட்டி நிரம்பி, அப்புறம்தான் வண்டி பாயும். நாங்கள் முதல் வருடம் வைத்தது ஒன்றரை லிட்டர். இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் 31 குதிரைத்திறனைத் தாண்டவில்லை. இக்னிஷனைப் பார்த்தோம், இன்ஜெக்டரைப் பார்த்தோம், ஒரு வாரம் வீணானது. பிளீனத்தை மூன்றரை லிட்டராக மாற்றியதும், வேறு எதையும் தொடாமலே, 38 வந்தது.

வண்டி விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் டெக் சோதனையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒற்றை சிலிண்டர்காரர்களுக்கு உதவும். காற்று வேறு எந்த வழியாகவும் போகவில்லை என்று நிரூபிக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று நுழையும் வாயை அடைத்துக் காட்ட வேண்டும். உடனே இன்ஜின் நின்றுவிட வேண்டும். எங்கள் வண்டியில் அடைத்தார்கள். இன்ஜின் தடுமாறியது, கமறியது, நிற்கவில்லை. சோதிப்பவர் கையை எடுக்காமல் எங்களைப் பார்த்தார். பிளீனம் மூடியின் ஓரத்தில், நாங்கள் சீலன்ட் தடவிய இடத்தில், மயிரிழை அளவு பிளவு. அதைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டி, காயவைத்து, திரும்ப வரிசையில் நின்றபோது மாலை நான்கு மணி. எட்டு வடிவத்தில் சுற்றும் ஸ்கிட்பேட் ஓட்டம் அன்று முடிந்துபோயிருந்தது. 75 புள்ளி போனது. தப்பு முழுக்க எங்களுடையது. மூடியை ஒட்டாமல் ஓ-ரிங் வைத்து போல்ட் போட்டிருக்க வேண்டும்.

390-ன் புதிய தலைமுறையில் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) 60-லிருந்து 64 மி.மீ. ஆக்கி 399 சிசிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வாங்குவதென்றால் அதைப் பார்க்கலாம். ஏற்கெனவே பழைய இன்ஜினுக்கு மவுண்ட், எக்ஸாஸ்ட், வயரிங் எல்லாம் வைத்திருக்கும் அணி 26 சிசிக்காக அதைத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

450 சிசி மோட்டோகிராஸ் இன்ஜின்களும் இந்த வகைதான். மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் யமஹாவின் 450 ஒற்றை சிலிண்டரை வைத்து மிக இலகுவான காரைக் கட்டி, நான்கு சிலிண்டர் கூட்டத்துக்கு நடுவே ஜெயித்துக் காட்டியது. அந்தக் காலத்தில் அது பெரிய தைரியம். ஆனால் அந்த இன்ஜின்கள் மணிக்கணக்கு எண்ணிப் பிஸ்டன் மாற்ற வேண்டிய ரகம், இங்கே கிடைப்பதும் கஷ்டம். கடந்து போகலாம்.

அடுத்து 600 சிசி நான்கு சிலிண்டர். ஹோண்டா சிபிஆர் 600 ஆர்ஆர், யமஹா ஆர்6 மாதிரி. இதைக் கேட்டவுடன் எல்லாருக்கும் கண் மின்னும், எனக்கும்தான். எப்போதும் ஏதாவது ஒரு சிலிண்டர் மூச்சு இழுத்துக்கொண்டே இருப்பதால் ரெஸ்ட்ரிக்டர் வழியே காற்று கிட்டத்தட்ட சீராகப் போகும். இந்த ஓட்டையை முழுமையாகப் பயன்படுத்த இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. நன்றாக ட்யூன் செய்த அணிகள் ரெஸ்ட்ரிக்டரோடு 80 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கின்றன. 75 மீட்டர் நேர் ஓட்டமான ஆக்சிலரேஷனில் நான்கு நொடியை ஒட்டி வந்துவிடும்.

பிரச்சினை அந்த 75 மீட்டருக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கப் போட்டியின் புள்ளிகளைப் பாருங்கள்: மொத்தம் 1,000. அதில் ஆக்சிலரேஷனுக்கு 100. எண்டியூரன்ஸுக்கு 275, எரிபொருள் சிக்கனத்துக்கு 100, வடிவமைப்பு விளக்கத்துக்கு 150. எண்டியூரன்ஸ் 22 கிலோமீட்டர், கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். இந்த வேகத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜின் தன் நல்ல இடத்தில் நிற்க வேண்டுமென்றால் 7,000, 8,000-க்குக் கீழே விடாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்தில் பத்து நாள்கூட ஓட்டிப் பழகக் கிடைக்காத மாணவ ஓட்டுநருக்கு இது சின்ன வேலை இல்லை. எடையிலும் 390-ஐவிட 20 கிலோ கூடும். அந்த எடையோடு ரேடியேட்டர், சங்கிலி, டிஃபரன்ஷியல், சேசிஸ் எல்லாமே ஒரு படி கனக்கும்.

அப்புறம் ஆயில். ஸ்போர்ட்ஸ் பைக் வளைவில் சாய்வதால் அதன் ஆயில் எப்போதும் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டியின்) அடியிலேயே கிடக்கும். காரில் இன்ஜின் சாயாது, வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். எல்லா பைக் இன்ஜினுக்கும் இது உண்டு. ஆனால் 10,000 ஆர்பிஎம்மில் இரண்டு நொடி ஆயில் இல்லாமல் ஓடும் நான்கு சிலிண்டர் கிராங்க் பேரிங்கின் கதி வேறு. தடுப்புத் தகடு வைத்த சம்ப்போ, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப்போ இல்லாமல் இதைத் தொடக் கூடாது. இவ்வளவும் சேர்ந்து, நம் சாலைகளில் அரிதாக ஓடும் ஒரு இன்ஜினுக்காக. வெளிநாட்டிலிருந்து பழைய இன்ஜின் வரவழைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் ஒரு முழு வருட உழைப்பை அதன் மேல் வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது எல்லை 710-க்கு ஏறியதால் திறந்த கதவுக்கு வருகிறேன்: 650 முதல் 700 வரையிலான இரட்டை சிலிண்டர். ஜூனியர் கேட்டதும் இதைத்தான் மனதில் வைத்து. வெளிநாட்டில் யமஹா எம்டி-07-ன் 689 சிசி இன்ஜினுக்குச் சில அணிகள் மாறியதன் காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. 61 கிராம்தான் கேட்கிறது, 74 கிடைக்கிறது. ரெஸ்ட்ரிக்டர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது குறைவு. சாலையில் 74 குதிரைத்திறன் தரும் இன்ஜின் இங்கேயும் அதன் பெரும் பகுதியைத் தருகிறது, அதுவும் 9,000-க்குள்ளேயே.

இங்கே கைக்கு எட்டுவது கவாசாகி நிஞ்ஜா 650. 649 சிசி, திரவக் குளிர்ச்சி, 68 குதிரைத்திறன், 64 நியூட்டன் மீட்டர். 390-ன் 37-க்குப் பக்கத்தில் இந்த 64-ஐ வைத்துப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது எந்த கியரில் இருக்கிறோம் என்று யோசிக்காமல் மிதிக்கலாம். எண்டியூரன்ஸ் முழுவதையும் ஒரே கியரில், அதிகம் போனால் இரண்டில் ஓட்டி முடிக்கலாம். ஓட்டுநர் மாறும்போது இன்ஜினை அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் ஆள் மாறி, மறுபடி கிளப்ப வேண்டும். சூட்டில் இருக்கும் பெரிய ஒற்றை சிலிண்டர் அடம்பிடிக்கும் இடம் அது, இரட்டை சிலிண்டர் பெரும்பாலும் முதல் பொத்தானிலேயே எழுந்துவிடும். இன்னொரு சுவாரசியம்: நிஞ்ஜாவின் ஸ்ட்ரோக்கும் பழைய 390-ன் ஸ்ட்ரோக்கும் அதே 60 மி.மீ. சத்தச் சோதனை நடத்தும் ஆர்பிஎம்மைப் பிஸ்டன் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால், இரண்டுக்கும் சோதனை 7,600-ஐ ஒட்டியே வரும். சிபிஆருக்கு அது 10,700-ஐத் தாண்டும். சத்தத்தின் எல்லை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒற்றை சிலிண்டரின் ‘தொம் தொம்’ என்ற அடிச் சத்தம் மீட்டரில் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறும், சைலன்சரைப் பெரிதாகவே வையுங்கள்.

நிஞ்ஜாவின் குறை எடையும் விலையும்தான். 390-ஐவிட நன்றாகவே கனக்கும். சேசிஸைப் பின்பக்கம் முழுக்க மாற்றி வரைய வேண்டும். முதல் வருடம் மவுண்டும் வயரிங்குமே பிராணனை வாங்கும்.

ராயல் என்ஃபீல்டு 650 பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் செய்கிறார்கள், பாகம் கிடைக்கும், நம்ம ஊர் இன்ஜின் என்ற பெருமை வேறு. எனக்கும் அந்த இன்ஜின் மேல் ஆசை உண்டு, ஆனால் இந்தக் காருக்கு வேண்டாம் என்பேன். 648 சிசி, 52 நியூட்டன் மீட்டர், ஆனால் 47 குதிரைத்திறன். 390-ஐவிட 275 சிசி கூடுதல், குதிரைத்திறன் மூன்றுதான் கூடுகிறது. ரெஸ்ட்ரிக்டர் 74 கிராம் தரத் தயாராக இருக்க, இது 7,250-ல் 46 கேட்டு நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றில் குளிர வேண்டிய காற்று-ஆயில் குளிர்ச்சி இன்ஜினை, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அடைத்து, மணிக்கு 50 கிலோமீட்டரில் 22 கிலோமீட்டர் ஓட்டுவது அதற்குச் செய்யும் நியாயமும் அல்ல.

இருப்பதையே பெரிதாக்கும் வழியும் உண்டு. விதிக்குள் சிலிண்டரின் போரை, அதாவது உள்விட்டத்தை, பெரிதாக்கலாம், ஸ்ட்ரோக்கை மாற்றலாம், சொந்தமாக இன்ஜினே கட்டலாம். மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் 434 சிசி இரட்டை சிலிண்டர் டர்போ இன்ஜினைத் தாங்களே வடிவமைத்து ஓட்டினார்கள். அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் மாணவர்கள் 550 சிசி அளவில் ஒரு குட்டி வி8 செய்தார்கள். நினைத்தாலே சிலிர்க்கும் வேலைகள் அவை. அந்த இடத்துக்குப் போக ஆசைப்படுங்கள், தவறே இல்லை, ஆனால் புதிய அணிக்கு அது முதல் படியாக முடியாது.

டர்போ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வேறு பல பந்தயங்களில் டர்போ வைத்தால் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கிக் கணக்கில் எடுப்பார்கள். இங்கே அப்படிப் பெருக்குவது கிடையாது, ரெஸ்ட்ரிக்டரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் 373-க்கு டர்போ வைத்து 74 கிராமை நெருங்கலாம், எடையும் பெரிதாக ஏறாது. காகிதத்தில் எல்லாவற்றையும்விட அழகான வழி. ஆனால் சொந்த டைனோ, பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதைக் காட்டும் நாக் சென்சார், இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர், இவை மூன்றும் இல்லாமல் தொட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்றால் பாஹா என்ற இன்னொரு மாணவர் கார் போட்டி இருக்கிறது. அங்கே எல்லா அணிக்கும் ஒரே இன்ஜின், பல வருடங்கள் 305 சிசி, 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், உள்ளே கை வைக்கவே கூடாது. அந்த விதி மாணவனின் கவனத்தை சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் பக்கம் திருப்புகிறது. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதி காற்றைப் பற்றிக் கற்றுக்கொள்ள வைக்கிறது. நான் இந்தப் பக்கம் வந்ததே அதற்காகத்தான்.

ஆக, அந்த ஜூனியருக்கு என் பதில். உங்கள் அணி எண்டியூரன்ஸை இதுவரை ஒரு முறைகூட முடிக்கவில்லை என்றால் 373-லேயே இருங்கள். நீங்கள் இழப்பது ஆக்சிலரேஷனில் அரை நொடியும் அதற்கான சில பத்துப் புள்ளிகளும். எடை, சிக்கனம், பழுது பார்க்கும் வசதி மூன்றிலும் அதைத் திரும்ப வாங்கிவிடலாம். இரண்டு முறை முடித்துவிட்டீர்கள், டைனோவுக்குப் போக வழியிருக்கிறது, அடுத்த வருடமும் இருக்கப்போகும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேருக்காவது இசியூ தெரியும் என்றால், நிஞ்ஜா 650-க்குப் போங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான்கு சிலிண்டரை, சீனியர்கள் விட்டுப்போன இன்ஜினும் அதற்கான இசியூ மேப்பும் கையில் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக அதைத் தேடிப் போகாதீர்கள்.

எதை எடுத்தாலும் ரெஸ்ட்ரிக்டரை முதலில் கடையுங்கள், இன்ஜின் வருவதற்கு முன்பே. கோவை கணபதியில் எங்களுக்குக் கடைந்து கொடுத்த லேத் பட்டறை அய்யா, வரைபடத்தைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து, “தம்பி, 20-னா நேர் 20-ஆ, இல்ல கொஞ்சம் உள்ள நிறுத்தட்டுமா?” என்று கேட்டார். சோதனையில் 20 மி.மீ. கேஜ் உள்ளே போய்விட்டால் வண்டி வெளியே என்றேன். அலுமினியத் துண்டை மறுபடி பிடித்து, 19.95-ல் நிறுத்தினார். பரப்பில் அரை சதவீதம்தான் நட்டம். அந்தத் துண்டு மூன்று வருடம், இரண்டு இன்ஜின் பார்த்துவிட்டது. இப்போதும் அணியின் அலமாரியில் துணியில் சுற்றி இருக்கிறது, நிஞ்ஜாவுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.